யாரும் தொடாத தீவு

சுற்றுலா விளம்பரங்களுக்கென்று தனி அகராதி ஒன்று உண்டு. அதில் சொற்கள் மிகக் குறைவு. உலகின் எந்த மூலையில் உள்ள கடற்கரையாயினும் அந்தச் சில சொற்களே மாறி மாறி வந்து நிற்கும். 'கன்னி அழகு', 'காலம் உறைந்துபோன இடம்', 'மனிதக் கை படாத கரை', 'யாரும் தொடாத தீவு'. படிப்பவர் எவரும் இவற்றை உண்மை என்று கொள்வதில்லை என்றும், வணிகத்துக்கான அலங்காரச் சொற்களை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றும் நானும் நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். கிரேக்க நாட்டின் மிலோஸ் தீவைப் பாய்மரப் படகில் ஒரு முழுநாள் சுற்றிவந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. இச்சொற்கள் வெறும் அலங்காரமல்ல. இவை ஒரு வேலையைச் செய்கின்றன. அது என்ன வேலை என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பயணக் கட்டுரை எழுதுவது என் எண்ணமன்று. ஆயினும் கரையைப் பின்தொடராமல் சொல்லவந்ததைச் சொல்லவும் இயலாது.

மிலோஸ், ஈஜியன் கடலில் சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஐயாயிரம் அளவில். புகழ்பெற்ற சாந்தோரினியைப் போலவே இதுவும் எரிமலைகள் உண்டாக்கிய தீவு. நிலப்படத்தில் பார்த்தால் குதிரை லாடம் போலிருக்கும். வடமேற்கே வாய் திறந்த ஆழமான விரிகுடா ஒன்று தீவின் நடுவரை புகுந்து நிற்கிறது. அதன் உட்கரையில் அதாமாஸ் என்னும் துறைமுக ஊர். சுற்றுப்பயணப் படகுகள் பலவும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

இந்தத் தீவை ஏன் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். மேற்குப் பாதியில் ஊர்கள் இல்லை எனலாம். பாதைகளும் பெரும்பாலும் மண்பாதைகள். தென்மேற்கு மூலையிலுள்ள கிளெஃப்திகோ என்னும் வெண்பாறைக் கூட்டத்தை அடையப் படகு வேண்டும், அல்லது வெயிலில் நெடுந்தூரம் மலைச்சரிவில் நடக்க வேண்டும். ஆனால் இது வசதி சார்ந்த காரணம் மட்டுமே. உண்மையான காரணம் வேறு. மிலோசுக்கு நேர்ந்த நன்மையும் தீமையும் கடல் வழியாகவே வந்தன. அதன் முகம் கடலை நோக்கித் திரும்பியிருக்கிறது. நிலத்தில் நின்று பார்ப்பவன் அந்தத் தீவின் முதுகைத்தான் பார்க்கிறான்.

* * *

ஒரு செப்டம்பர் மாதக் காலையில், எட்டரை மணி அளவில் புறப்பட்டோம். பயணிகள் பன்னிரண்டு பேர். கேப்டனும் உதவிக்கு ஓர் இளைஞரும். பாய்மரப் பயணம் என்ற பெயரில் கட்டணம் வாங்கினாலும் படகு எஞ்சினில்தான் கிளம்பியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோடை முழுவதும் ஈஜியனில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் காற்று பலமாக இருந்தால், தீவின் வடகரைப் பக்கம் எந்தக் கேப்டனும் பயணிகளை அழைத்துச் செல்லமாட்டார். மலைகளின் மறைவில் அடங்கிக் கிடக்கும் தென்கரையோடு பயணம் முடிந்துவிடும். காற்று ஓய்ந்த நாளில் தீவை முழுவட்டமாகச் சுற்றலாம். ஆனால் அன்று பாய்க்கு வேலையிராது. காற்றிருந்தால் வட்டமில்லை, வட்டமிருந்தால் காற்றில்லை. எங்களுக்கு வட்டம் வாய்த்தது. நாள் முழுவதிலும் முக்கால் மணி நேரம் மட்டுமே பாய் விரிந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் எஞ்சின் அடங்கியதும் படகில் இருந்த அனைவரும் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

விரிகுடாவை விட்டு வெளியேறும்போது வலப்பக்கக் கரையில் கிளிமா என்னும் மீனவக் குடியிருப்பு. நீர்மட்டத்தில் வரிசையாக வீடுகள். கீழ்த்தளம் படகுக்கு, மேல்தளம் மனிதருக்கு. குளிர்காலப் புயல்களின்போது படகை உள்ளே இழுத்துவைத்துக் கதவடைத்துவிடுவார்கள். சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கதவுகள். எல்லாரும் படமெடுத்தார்கள். அதற்கு மேலுள்ள சரிவைக் காட்டி, அங்கேதான் வீனஸ் சிலை கிடைத்தது என்றார் கேப்டன். 1820ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் உழவர் நிலத்தைத் தோண்டும்போது வெளிப்பட்ட சிலை அது. அப்போது துறைமுகத்தில் இருந்த பிரெஞ்சுக் கடற்படையினர் கண்ணில் பட்டது; அடுத்த ஆண்டே பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உலகுக்கு இந்தத் தீவின் பெயர் தெரிந்ததே அந்தக் கையிழந்த சிலையால்தான். தீவில் இருப்பது அதன் நகல் மட்டுமே.

அந்தச் சரிவைப் பற்றிக் கேப்டன் சொன்னது அவ்வளவுதான். படகு வடமேற்கு முனையைக் கடந்து இடப்பக்கம் திரும்பியது.

* * *

மேற்குக் கரையின் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கரும்பாறை, செம்பாறை, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் ஒரு முனை, திடீரென்று சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு மலைமுகம். சிகியா என்னுமிடத்தில் ஒரு பெரிய கடற்குகை. அதன் கூரை என்றோ இடிந்து உள்ளே விழுந்துவிட்டதால் சிறு படகில் உள்ளே போனால் மேலே வட்டமாக வானம் தெரிகிறது. தொடர்ந்து கிளெஃப்திகோ. எரிமலைச் சாம்பல் இறுகிய வெண்பாறைகளைக் கடல் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்து வளைவுகளாகவும் தூண்களாகவும் குகைகளாகவும் ஆக்கியிருக்கிறது. நீரின் நிறத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் போதாது.

ஆனால் இங்கேயே அந்த விளம்பரச் சொல் தடுக்கத் தொடங்கியது. 'கிளெஃப்திகோ' என்ற பெயர் கிரேக்க மொழியில் திருடனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கடற்கொள்ளையர் மறைந்திருந்த இடம். வடகரையிலுள்ள சரகினிகோவின் பெயர் சாரசெனியரிடமிருந்து வந்தது. அதுவும் கொள்ளையரை நினைவூட்டும் பெயர்தான். சற்றுமுன் நாங்கள் கடந்துவந்த, துருநிறத்தில் தெரிந்த வானி முனை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மாங்கனீசு வெட்டியெடுக்கப்பட்ட சுரங்கம். ஆளில்லாக் கரை என்று நாங்கள் வியந்த கரைக்கு ஒவ்வொரு பெயரையும் யாரோ ஒருவர் அச்சத்தாலோ பிழைப்பாலோ வைத்திருக்கிறார். ஓர் இடத்துக்குப் பெயர் இருக்கிறதென்றால் அதை எவரும் தொட்டதில்லை என்று எப்படிச் சொல்வது?

தென்கரையில் குளித்தார்கள், உண்டார்கள். தக்காளியும் வெள்ளரியும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் சேர்ந்த சாலட், ரொட்டி, வேகவைத்த மாவு உணவு ஒன்று. நல்ல உணவு. பிற்பகலில் படகு கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே திரும்பியது. அங்கே ஒரு சிறு விரிகுடாவின் கரையில், கூரையற்ற கல்கட்டடங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். படகு அங்கே நிற்கவில்லை. எஞ்சின் வேகமும் குறையவில்லை. கேப்டனிடம் போய் அது என்னவென்று கேட்டேன்.

"பழைய கந்தகச் சுரங்கம்" என்றார். "பாலியோரெமா. என் தாத்தா அங்கேதான் வேலை பார்த்தார்."

"இதை ஏன் எல்லாருக்கும் சொல்லக்கூடாது?"

"யாரும் கேட்பதில்லை. குளிக்க அடுத்த இடம் எது என்றுதான் கேட்பார்கள்."

அவர் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார். பிறகு அவரே மெல்ல மெல்லப் பேசினார். கந்தகத் தூசி கண்ணில் ஏறி எரியும் என்றும், தாத்தா வீட்டுக்கு வந்தால் சட்டையைப் பாட்டி வாசலிலேயே கழற்றவைப்பாள் என்றும் சொன்னார். மிலோசின் கந்தகம் ரோமானியர் காலத்திலேயே பேர்பெற்றது. மூத்த பிளினி அதைப் புகழ்ந்திருக்கிறார். புதிய காலத்துச் சுரங்க வேலை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1950களின் இறுதிவரை நடந்து நின்றுபோயிற்று. கட்டடங்களும் தண்டவாளங்களும் இயந்திரங்களும் விட்டது விட்டபடி கிடக்கின்றன. கேப்டன் பேசிக்கொண்டிருந்தபோது முன்தளத்தில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

* * *

அதே கிழக்குக் கரையில்தான் தெமெனெகாகி இருக்கிறது. அப்சிடியன் எனப்படும் கறுத்த எரிமலைக் கண்ணாடி கிடைக்கும் இடம். விரிகுடாவின் பக்கம் ஸ்டா நிக்கியா என்று மற்றோர் இடமும் உண்டு. அப்சிடியனைத் தட்டினால் கண்ணாடி போலக் கூரிய விளிம்போடு உடையும். இரும்பும் வெண்கலமும் அறியாத மனிதனுக்கு அதைவிடச் சிறந்த கத்தி இல்லை. பெலோப்பொனீஸ் நிலப்பகுதியிலுள்ள பிராங்த்தி குகையில், பன்னீராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மண்ணடுக்குகளில், மிலோசின் அப்சிடியன் கிடைத்திருக்கிறது. அந்தக் குகைவாசிகள் உழவு அறியார். பானை வனையவும் அறியார். ஆனால் கடல் கடந்து வந்து இந்தத் தீவில் கல்லெடுத்துத் திரும்பியிருக்கிறார்கள். கடல்மட்டம் அன்று தாழ்ந்திருந்தது என்றாலும் இடையில் கடல் இருந்தே தீரும். அவர்கள் ஏறிவந்த படகின் ஒரு சிராய்கூட இன்றில்லை. கல் மட்டும் இருக்கிறது. கிரேக்கக் கடலில் மனிதன் பயணம் செய்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இந்தக் கறுப்புக் கல்.

சற்று எண்ணிப் பாருங்கள். உலகிலேயே மிக நீண்ட காலமாக மனிதர் தேடிவந்து தொட்ட தீவுகளில் ஒன்று இது. அதைத்தான் 'யாரும் தொடாதது' என்று அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள்.

இந்தத் தொடர்ச்சி அறுபடவும் இல்லை. வடகிழக்கே போகப் போக, வலப்பக்கம் ஆளற்ற பொலியேகோஸ் தீவு தெரிகிறது. 'ஆடுகள் மிகுந்தது' என்பது பெயரின் பொருள். அதன் குகைகளில் அருகிவிட்ட மத்தியதரைக்கடல் துறவி நீர்நாய்கள் — சீல் என்று நாம் சொல்லும் உயிரினம் — வாழ்கின்றன. இடப்பக்கம் மிலோசின் கரையில், வூடியா விரிகுடாவில், கனிமம் ஏற்றும் துறை. மலைகள் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கின்றன. பெண்டோனைட், பெர்லைட் என்னும் கனிமங்கள் இன்றும் இங்கிருந்து கப்பலேறுகின்றன. ஒன்று ஆழ்துளைக் கிணறு தோண்டவும் உலோக வார்ப்படத்துக்கும், மற்றொன்று கட்டடங்களில் வெப்பத்தைத் தடுக்கவும் செடி வளர்க்கவும் பயன்படுகிறது. பெண்டோனைட்டைப் பூனை வளர்ப்பவர்களும் அறிவார்கள். பூனையின் மலத்தட்டில் கொட்டும் மண் பெரும்பாலும் அதுதான். கல்லெடுக்க வந்தவனின் வழித்தோன்றல்கள் இன்னும் கல்லெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வெட்டப்பட்ட மலைகள் அழகானவை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பக்கம் வந்தபோது உதவியாளர் இசைத்தட்டின் ஒலியைக் கூட்டினார். கூச்சமாக இருந்திருக்கலாம். விருந்தினர் வரும்போது அழுக்குத் துணியைக் கதவுக்குப் பின்னால் தள்ளும் கூச்சம்.

* * *

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது நியாயமான எதிர்வாதமும்கூட. ஆண்டு முழுவதும் உழைத்துவிட்டு ஒரு வாரம் கடலைப் பார்க்க வருகிறவனுக்கு எதற்கு ஐயா வரலாற்றுப் பாடம்? அவன் குளிக்கட்டும், சிரிக்கட்டும், படமெடுக்கட்டும். வகுப்பறையை விட்டு வெளியே வந்தும் ஆசிரியன் பாடம் நடத்துகிறான் என்று நண்பர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. தீவினரின் பக்கமும் ஒன்றுண்டு. சுற்றுலா அவர்களுக்குச் சோறு. எது விற்கிறதோ அதைத்தான் அவர்கள் விற்க முடியும்.

இன்பத்துக்கு நான் எதிரியல்லன். அன்று நானும் குளித்தேன். என் கேள்வி வேறு. 'யாரும் தொடாதது' என்ற சொல் யாருக்குப் பயன்படுகிறது? 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிலோசின் பெயர் கிரேக்கம் முழுவதும் அடிபட்டது. சரகினிகோ என்னும் அந்தப் புகழ்பெற்ற வெண்பாறைக் கரைக்கு அருகே விடுதி ஒன்று கட்டுவதற்காகப் பாறை தோண்டப்பட்ட படங்கள் வெளியாகிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது, வேலை நிறுத்தப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது மிகச் சரி. ஆனால் நான் படித்த வாதங்களில் பெரும்பாலானவை அந்த நிலத்தின் அழகையே, நிலவின் தரை போன்ற அதன் வெறுமையையே முன்வைத்தன. அழகு ஒரு வலுவற்ற அரண். ஏனெனில் விடுதி கட்ட வருகிறவனும் அதே அழகைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறான். அங்கே அழகு இல்லையென்றால் அவன் ஏன் வருகிறான்? 'வெறுமை' என்ற சொல்லோ இன்னும் ஆபத்தானது. வெறும் நிலம் என்றால் நிரப்பலாம் என்று பொருள். யாரும் தொடாதது என்றால் முதலில் தொடும் உரிமை காசுள்ளவனுக்கு என்று பொருள்.

இதுதான் அந்தச் சொல் செய்யும் வேலை. தாத்தாவின் கந்தகச் சட்டையையும், குகைவாசியின் படகையும், மீனவனின் சிவப்புக் கதவையும் அது ஒரே துடைப்பில் துடைத்துவிடுகிறது. துடைத்த இடத்தில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். ஒரு நிலத்தைக் காக்க அழகு மட்டும் போதாது; அங்கே வாழ்ந்தவர்கள், உழைத்தவர்கள், இறந்தவர்கள் பற்றிய நினைவும் வேண்டும். சுரங்கமும் மலையைத் தின்னத்தான் செய்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தின்றது யார், எவ்வளவு, எவர் உடம்பைக் கொடுத்து என்பதைச் சொல்லிப் பழகிய ஊருக்கே, இனித் தின்ன வருகிறவனிடம் அதே கேள்விகளைக் கேட்கும் துணிவு இருக்கும்.

* * *

வடகரையில் வெயில் சாய்ந்தது. ஃபிலகோபி மேட்டைக் கடந்தோம். வெண்கலக் காலத்தில் ஓர் ஊர் அங்கே செழித்திருந்தது. 1896 முதல் 1899 வரை ஆங்கிலேயர் அகழ்ந்தார்கள். பறக்கும் மீன்கள் வரைந்த சுவரோவியம் கிடைத்தது. அடுத்து சரகினிகோ. மாலையொளியில் வெண்பாறை இளஞ்சிவப்பாக மாறியிருந்தது; பாறைமேல் மனிதர்கள் எறும்புகள் போல் தெரிந்தார்கள். பிறகு மறுபடியும் விரிகுடாவின் வாய். இப்போது கிளிமா இடப்பக்கம். காலையில் வீனசுக்காகக் கைகாட்டப்பட்ட அதே சரிவு.

காலையில் சொல்லப்படாத ஒன்றை இப்போது சொல்லிவிட வேண்டும். அந்தச் சரிவில்தான் பழைய மெலோஸ் நகரம் இருந்தது. ஸ்பார்ட்டாவின் குடியேற்றமாகத் தோன்றிய நகரம். ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும்போர் நடந்தபோது, தீவுகளெல்லாம் ஏதென்சுக்குக் கப்பம் கட்ட, மெலோஸ் மட்டும் எப்பக்கமும் சேராமல் இருக்க விரும்பியது. கி.மு. 426இல் நிசியாஸ் 60 கப்பல்களோடு வந்து நிலத்தைப் பாழாக்கியும் பணியவில்லை. கி.மு. 416இல் 38 கப்பல்கள் வந்தன. சண்டைக்கு முன் தூதர்கள் பேச வந்தார்கள். அந்தப் பேச்சைத் துசிடிடீஸ் தம் வரலாற்று நூலின் ஐந்தாம் பகுதியில் நாடக உரையாடல் போல அமைத்திருக்கிறார். நீதியைப் பற்றிய பேச்சையே ஏதென்ஸ் தூதர்கள் தொடக்கத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒத்த வலிமை உள்ளவர்களுக்கு இடையில்தான் அதற்கு இடமுண்டு என்பது அவர்கள் தரப்பு. நாங்கள் நண்பர்களாக ஒதுங்கியிருக்கிறோம், விட்டுவிடுங்கள் என்கிறார்கள் மெலோசியர். அதை ஏற்றால் எங்களை வலுவற்றவர்கள் என்று மற்றத் தீவுகள் நினைக்கும் என்று பதில் வருகிறது. மெலோசியர் தெய்வங்களையும் ஸ்பார்ட்டாவையும் நம்பினார்கள். இரண்டும் வரவில்லை. முற்றுகை குளிர்காலம்வரை நீண்டு நகரம் பணிந்தது. கையில் அகப்பட்ட ஆண்கள் அனைவரும் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பின்னர் ஏதென்சிலிருந்து 500 குடியேறிகள் அந்த வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் கொடுமை நமக்குத் தெரிந்திருப்பது மெலோசியர் எழுதிவைத்ததால் அன்று. எழுத அவர்களில் எவர் மிஞ்சினார்? எழுதியவர் ஏதென்சின் குடிமகன். ஏதென்சுக்காகப் படை நடத்தியவர். தோற்றதற்காக நாடு கடத்தப்பட்டவர். கி.மு. 415இன் வசந்த காலத்தில், மெலோஸ் வீழ்ந்த சில மாதங்களில், ஏதென்ஸ் மக்கள் கூடிய அரங்கில் யூரிபிடிசின் 'ட்ரோஜன் பெண்கள்' நாடகம் நடிக்கப்பட்டது. நகரை இழந்து, ஆண்களை இழந்து, அடிமைகளாகப் பங்கிடப்படும் பெண்களின் கதை. மெலோசின் பெயர் அதில் வராது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில், கைதூக்கி வாக்களித்தவர்கள் இருந்தார்கள். வாள் பிடித்தவர்களும் இருந்திருக்கக்கூடும். வென்றவனின் ஊரிலேயே, வென்றவனின் மொழியிலேயே, தோற்றவளின் அழுகையைக் கேட்கவைப்பதற்குத்தான் இலக்கியம் இருக்கிறது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றுவரை அது எனக்கு ஒரு கருத்து. அந்தச் சரிவின்முன் படகில் நின்றபோது அது ஓர் இடமாயிற்று.

கி.மு. 405ஐ அடுத்து ஏதென்ஸ் தோற்கத் தொடங்கியபோது, ஸ்பார்ட்டாவின் லைசாண்டர், எங்கெங்கோ சிதறிப் பிழைத்திருந்த மெலோசியரைத் தேடிச் சேர்த்து ஊருக்குத் திருப்பியனுப்பினார். எத்தனை பேர் திரும்பினார்கள், எந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள் என்பதை எவரும் எழுதவில்லை. அவர்களும் இந்த விரிகுடாவின் வாயில் புகுந்துதான், இடப்பக்கம் அந்தச் சரிவைப் பார்த்துத்தான், வந்திருக்க வேண்டும். வேறு வழியில்லை.

என் அருகில் நின்ற ஓர் இளம்பெண், நல்ல பெண், காலையிலிருந்து எனக்குத் தண்ணீரும் பழமும் எடுத்துக் கொடுத்தவள், கிளிமாவின் விளக்குகளைப் பார்த்தபடி, "எவ்வளவு அமைதி! இந்த ஊரில் எதுவுமே நடந்திருக்காது போலிருக்கிறது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. அந்த வெட்கமும் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம்.

மிலோசுக்கு என்றேனும் செல்லும் நண்பர்கள் படகில் போங்கள், கட்டாயம் போங்கள், குளியுங்கள். முந்தின நாள் அதாமாசிலுள்ள சுரங்க அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். கிளிமாவைக் கடக்கும்போதும், கூரையற்ற கட்டடங்களைக் கடக்கும்போதும் கேப்டனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர் கேட்டால் போதும். அடுத்த நாள் பயணத்தில், யாரும் கேட்காமலே, அவர் தம் தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.